இரவல் திண்ணையில் கடை

சென்ற மாதம் மதுரையிலிருந்து ஒரு நண்பர் நம்மைக் காண வந்திருந்தார். அவர் சுங்குடிப் புடவை வியாபாரம் செய்கிறவர். பெரிய கடை வைத்திருப்பவரல்லர். வீட்டின் முன்கட்டிலேயே சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டு, ஆறு வருஷ காலமாகச் சமூக ஊடகம் ஒன்றின் மூலமாகவே விற்று வந்தவர். 18,000 பேர் அவருடைய பக்கத்தைத் தொடர்ந்து வந்தனராம். ஒரு நாள் காலையில் கைப்பேசியைத் திறந்து பார்த்தபோது அந்தப் பக்கம் மூடப்பட்டிருந்தது. விதியை மீறியதாக ஒரே வரியில் ஓர் அறிவிப்பு. எந்த விதியை, எப்போது மீறினார் என்ற விவரம் அதில் இல்லை. விண்ணப்பம் எழுதினால் இயந்திரம் பதில் சொல்லிற்று. மனிதர் ஒருவரும் அகப்படவில்லை. "இதற்கு வழக்குப் போட இடமுண்டா?" என்பதே அவர் நம்மிடம் கேட்ட கேள்வி.

அந்த ஸ்தாபனத்தின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் நாம் படித்துப் பார்த்தோம். நண்பர் அவற்றைப் படித்ததே இல்லை. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியதோடு சரி. இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவும் நமக்கு வாயில்லை; நாமும் அப்படி அழுத்தியவர்களே. ஷரத்துகளின் சாரம் இது: இடம் ஸ்தாபனத்துக்குச் சொந்தம், உபயோகிக்க அனுமதி மட்டும் நமக்கு, அந்த அனுமதியை நிறுத்தி வைக்கவோ நீக்கவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாடகைக் கடைக்காரனுக்காவது சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. நண்பர் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது வாடகைக் கடையிலன்று, பிறர் வீட்டுத் திண்ணையில்.

பரிகாரம் அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய ஸ்தாபனம் ஒவ்வொன்றும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும். அவர் குறித்த காலத்துக்குள் புகாரைத் தீர்க்கக் கடமைப்பட்டவர். அந்தத் தீர்ப்பு திருப்தியளிக்கவில்லையென்றால், 2022-ஆம் வருஷத்தில் செய்த திருத்தத்தின்படி அமைந்துள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் முறையிடலாம். நண்பரை அவ்வாறே எழுதச் சொன்னோம். ஆனால் முறையீடு நடக்கிற காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! தீபாவளிக்கு வாங்கிய சரக்கு வீட்டில் கிடக்கிறது. நெசவாளிக்கும் முடிச்சுப் போட்டவர்களுக்கும் கொடுக்க வேண்டிய பணம் பாக்கி நிற்கிறது.

இது ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த அபூர்வ விபத்து என்று எண்ணுவது பிழை. 2020-ஆம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இந்திய அரசாங்கம் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடையின் நியாயாநியாயம் வேறு விஷயம். ஆயினும் அந்த ஒரே இடத்தில் தம் பெயரையும் வாடிக்கையையும் வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் வெறுங்கையோடு நின்றார்கள். 2021-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 6 மணி நேரம் ஸ்தம்பித்தன. மூன்று கடை வைத்திருப்பதாக எண்ணியிருந்த வியாபாரிகள், மூன்றுக்கும் வாசற்கதவு ஒன்றே என்பதை அன்று கண்டார்கள்.

இதனால், சமூக ஊடகமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது, ரயில் சில சமயம் தடம் புரள்கிறது என்பதற்காக மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்வதற்கு ஒப்பாகும். முன்பு ஒரு சிறு வியாபாரி வெளியூரில் தன் சரக்கை அறிவிக்க வேண்டுமானால், பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அல்லது தரகரின் தயவை நாட வேண்டும். 2018-ஆம் வருஷத் தொடக்கத்தில் வாட்ஸ்அப் ஸ்தாபனம் சிறு வியாபாரிகளுக்கென்று தனிச் செயலியை வெளியிட்டது. அதில் சரக்குப் பட்டியலைப் படத்துடன் வைக்கலாம். கடை நேரத்தை அறிவிக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விடையை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. மதுரைச் சந்தில் இருப்பவர் சிங்கப்பூரில் இருப்பவரோடு நேரே பேசி விற்கும் வசதி லேசானதன்று. அதை எப்படி உபயோகிப்பது என்பதே கேள்வி.

முதலாவது, சரக்கின் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் நண்பரின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தித் துணியில் நூலால் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகள் போட்டு, சாயத்தில் தோய்த்து, உலர்த்திய பின் முடிச்சை அவிழ்ப்பார்கள். சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. இன்று அதே புள்ளிகளை அச்சில் அடித்து, அதே பெயரில் விற்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவர்களில் அநேகருக்குத் தெரியாது. கையால் முடிந்த புதுத் துணியில் முடிச்சு இருந்த இடம் சற்றே சுருங்கி மேடிட்டிருக்கும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. அச்சடித்த துணி தட்டையாகவும் புள்ளிகள் பிசகாமலும் இருக்கும்.

இதை ஒரு நிமிஷப் படமாகக் காட்டினால் போதும். "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று நூறு தடவை கூவுவதைவிட அது பன்மடங்கு பயன் தரும். பார்த்தவர் அன்றைக்கே வாங்காமற் போகலாம். ஆனால் இனி எந்தக் கடையில் சுங்குடியைக் கண்டாலும் துணியைத் தடவிப் பார்ப்பார். தடவும்போது கற்பித்தவரின் ஞாபகம் வரும். கிராக்கி உண்டாவது இப்படித்தான்.

இரண்டாவது, எல்லாத் திண்ணையிலும் கடை விரிப்பது வீண். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று ஐந்தாறு இடங்களில் கணக்குத் தொடங்கி, ஒன்றையும் கவனிக்க முடியாமல் திணறுகிறவர்கள் பலர். தம் வாடிக்கைக்காரர் எங்கே இருக்கிறாரோ அந்த ஓரிடத்தைத் தேர்ந்து, வாரத்தில் இரண்டு தடவையேனும் தவறாமல் புதிதாக ஏதேனும் சொல்வது நலம். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். விலையை மறைத்து, 'தனியே கேளுங்கள்' என்று எழுதும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடை என்ற சந்தேகத்தையே அது உண்டாக்குகிறது. விலை, தபால் செலவு, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை ஆகிய மூன்றையும் முன்னதாகவே எழுதி வைக்கும் வியாபாரிக்குப் பாதிச் சச்சரவு குறையும்.

மூன்றாவது, பொய்ப் புகழை விலைக்கு வாங்கலாகாது. தொடர்வோரை ஆயிரக்கணக்கில் விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் ஆளில்லாப் பெயர்கள். ஆளில்லாப் பெயர் புடவை வாங்காது. மேலும், ஒருவர் போடும் பதிவு அவரைத் தொடரும் எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை ஸ்தாபனத்தின் கணினியே தீர்மானிக்கிறது. பார்த்தவர்கள் கவனிக்கிறார்களா என்பதை வைத்தே மேலும் பலருக்குக் காட்டுகிறது. ஆகவே வெற்றுக் கூட்டம் பயனற்றது. சில சமயம் தீங்கும் செய்கிறது.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையில் விதிக்கலாம். காசோ இலவசச் சரக்கோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்கிறவர், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய அரசாங்கம் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. அச்சுத் துணியைக் கைமுடிச்சு என்று விளம்பரம் செய்கிறவர், விளையாட்டாகச் செய்தேன் என்று தப்ப முடியாது.

நான்காவது, குறை கூறியவரை விரட்டலாகாது. சாயம் போயிற்று என்று ஒருவர் எல்லோரும் பார்க்க எழுதினால், அதை அழித்துவிடுவது எளிது. ஆனால் எழுதியவர் வேறிடத்தில் பத்து மடங்காக எழுதுவார். எல்லோரும் பார்க்கும்படியே மரியாதையாகப் பதில் எழுதி, துணியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னால், வேடிக்கை பார்க்கும் நூறு பேருக்கு அந்தக் கடையின் குணம் விளங்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, தமக்கென்று ஒரு பேரேடு வேண்டும். வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், ஊர், எதை வாங்கினார் என்பவை ஊடகத்துக்கு வெளியே, தம் கையில் இருக்க வேண்டும். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் செலவில் சொந்த இணைய முகவரி ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, ஊடகத்தில் காண்கிறவரை அங்கே அழைத்து வர வேண்டும். திண்ணையில் கண்டவரை வீட்டுக்குள் அழைப்பது போன்ற காரியம் இது. கணக்கைப் பிறர் கவர்ந்துகொள்ளாதபடி இரட்டைப் பூட்டாகிய இரண்டாம் சரிபார்ப்பையும் போட்டு வைக்க வேண்டும். இது ஐந்து நிமிஷ வேலை; செய்யாதவர்களே அதிகம்.

ஆனால் பேரேட்டிலும் நியாயம் உண்டு. ஒருவருடைய எண் நம்மிடம் இருக்கிறதென்பதற்காக, கேளாமலே அவரைக் குழுவில் சேர்த்து இரவு பகலாகச் செய்தி அனுப்புவது அநாகரிகம். 2023-ஆம் வருஷத்தில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. வாட்ஸ்அப் செயலியில் பலருக்கு ஒருசேர அனுப்பும் பட்டியலின் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் குறித்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். இது தொல்லை என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். நம் அபிப்பிராயத்தில் இது நல்ல உரைகல். நம் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும் மனமில்லாதவரை வாடிக்கைக்காரர் என்று எண்ணுவது எங்ஙனம்?

நம் நண்பரின் விஷயம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அவரிடம் பேரேடு இல்லை. ஆனால் பார்சல் அனுப்பிய ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தார். அவருடைய மகள் இரண்டு இரவு உட்கார்ந்து, சுமார் 600 பெயர்களை எழுதி எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தடவை, நடந்ததைச் சொல்லி, இனியும் செய்தி அனுப்பலாமா என்று கேட்டு எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சம்மதம் என்றார்கள். சிலர் அன்றைக்கே புடவைக்கும் எழுதினார்கள். மூடிய பக்கம் இது எழுதும் வரையில் திறக்கவில்லை. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. நெசவாளியின் பாக்கி மட்டும் தீர்ந்துவிட்டது.

18,000 பேர் ஒரு நொடியில் மறைந்தார்கள். டப்பாவில் இருந்த 600 பேர் நிலைத்தார்கள். சமூக ஊடகத்தில் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் இன்றிரவு ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நாளைக் காலையில் அந்தப் பக்கம் இல்லாமற் போனால், எத்தனை வாடிக்கைக்காரர்களுக்கு நம்மால் செய்தி சொல்ல முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கையே அவர்களுடைய உண்மையான முதல். அது குறைவாக இருந்தால், அதைப் பெருக்கும் வேலையை நாளை என்று ஒத்திப் போடலாகாது.