நீச்சல் தடாக மோட்டர் ஏன் எரிகிறது?

லுணுகலையில் இருந்து கொண்டு நீச்சல் தடாகத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கக் கூடும். நமது ஊர் பதுளை - செங்கலடி பிரதான வீதியில் இருக்கிறது. மேலே போனால் பசறை, பதுளை, அதற்கப்பால் எல்ல. கீழே இறங்கினால் பிபிலை, மகாஓயா, பிறகு மட்டக்களப்புக் கரை. 2009இல் யுத்தம் முடிந்த பின் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல்களும் சிறு விடுதிகளும் பெருகின. ஐந்தாறு அறை உள்ள விடுதிக்காரரும் இன்று ஒரு சிறிய தடாகம் கட்டுகிறார். தடாகம் கட்டினால் பம்ப் வேண்டும். அந்தப் பம்ப் பழுதானால் அதைத் தூக்கிக் கொண்டு நம்மைப் போன்ற கடைக்காரர்களிடம்தான் வருகிறார்கள்.

அறுகம்பையில் சுற்றுலாக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று அடித்து ஊரே காய்வதும் அந்தக் காலத்தில்தான். ஆக, அறைகள் நிறைந்திருக்கும் நாட்களில்தான் மோட்டரும் எரிகிறது. பம்ப் ஓடாவிட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும். வந்தவர் அறையை மாற்றிக் கொண்டு போய் விடுவார்.

விடுதிக்காரர் முதலில் கேட்பது, "நானா, இதவிடப் பெரிய ஒண்டு தாங்க" என்பதுதான். விற்றால் நமக்கு லாபம். ஆனால் மோட்டர் தானாக எரிவது அபூர்வம். காற்றோ, தண்ணீரோ, கரன்ட்டோ அதை எரித்திருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டர் பூட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். அடுத்த முறை அவர் நமது கடைக்கு வரமாட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் மேலுள்ள அழுத்தமானி. ஃபில்டரைக் கழுவிய உடனே அதன் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்துக் கொள்ளுங்கள். தடாகத்துக்குள் வரும் தண்ணீர் குறைந்து முள் ஏறியிருந்தால் அடைப்பு ஃபில்டர் பக்கம். புள்ளியில் இருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் மண் ஃபில்டரைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரும் குறைந்து முள்ளும் இறங்கியிருந்தால் கோளாறு பம்பில் அல்லது பம்ப் இழுக்கும் பக்கம். கூடையில் இலை நிறைந்திருக்கும், இல்லையென்றால் தடாகத்தில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், அல்லது எங்கோ காற்று புகும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்குவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. நீர்மட்டம் ஓரத்து வாய்க்குக் கீழே போனால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் குடிக்கும்.

காற்றுப் புகுவதைக் கண்டுபிடிப்பது லேசு. தடாகத்துக்குள் தண்ணீர் வரும் வாயில் குமிழி வந்து கொண்டே இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி கூடை மூடியின் ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண வண்டிக் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிக் கெடும். வளையம் சரியாக இருந்தும் குமிழி நிற்கவில்லை என்றால், பம்ப் முன்னர் தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று கேளுங்கள். தண்ணீரின்றி ஓடும் பம்பின் உள்ளே இருக்கும் கொஞ்ச நீர் கொதித்து, பிவிசி குழாயின் மரைப் பகுதி சுருங்கிப் போகும். மோட்டர் மாற்றிய பிறகும் காற்று இழுப்பது இதனால்தான்.

சத்தத்தைக் கேட்டாலும் பாதி விளங்கும். கீச்சென்று கத்தினால் பேரிங். கல் உருளுவது போலக் கேட்டால் பம்புக்குத் தண்ணீர் போதாமல் உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. தண்ணீர் சூடாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உறுமிக் கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, பின்பக்கம் தண்டைக் கையால் திருகிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். சுற்றவில்லை என்றால் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கும், அல்லது பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும். கரன்ட் அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி நிற்கும் என்பதை வேலைக்காரப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் தண்டின் சீல் தேய்ந்து விட்டது. சீல் சில்லறைச் சாமான். அதைப் பாராமல் விட்டால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும், பிறகு வைண்டிங்குக்குப் போகும். சில்லறைச் சாமானை மிச்சம் பிடிக்கப் போய் மோட்டரையே இழந்தவர்கள் நமது பகுதியில் நிறையப் பேர்.

இனிச் சூட்டுக்கு வருவோம். சாதாரண மோட்டர்கள் சுற்றுப்புறம் 40 பாகை சென்டிகிரேட் வரை இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுபவை. கிழக்குக் கரையில் நண்பகலில் கொங்கிரீட் பெட்டி போல மூடிய பம்ப் அறைக்குள் அதைவிடக் கூடிவிடும். வைண்டிங்கின் சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மோட்டர்காரர்களின் பழைய கணக்கு. அறுகம்பைப் பக்கம் ஒரு விடுதியில் ஒரே பருவத்தில் இரண்டு மோட்டர்கள் எரிந்தன. மூன்றாவது கேட்டு வந்தவரிடம் முதலில் இடத்தைப் பார்க்கிறேன் என்றேன். அறைக்கு ஜன்னல் இல்லை. மோட்டருக்குப் பக்கத்திலேயே மூடி சரியாக இறுகாத குளோரின் வாளி. அதன் ஆவி பட்டு மோட்டர் உடம்பெல்லாம் துரு. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு துவாரம் உடைத்து, வாளியை வேறிடத்துக்கு மாற்றிய பிறகுதான் மோட்டர் கொடுத்தேன்.

அரை மணி நேரம் ஓடி நின்று, ஆறிய பின் தானாக ஓடுகிற மோட்டரும் உண்டு. உள்ளே இருக்கும் வெப்பக் காவல் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. சில பாஸ்மார் அதையே கழற்றி நேராகக் கொடுத்து விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மோட்டரைக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

கரன்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் 230 வோல்ட், கூடினாலும் குறைந்தாலும் நூற்றுக்கு 6க்குள் இருக்க வேண்டும். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. வீட்டு பிளக்கில் அளந்து பயனில்லை. மோட்டர் ஓடும்போது அதன் முனையிலேயே அளக்க வேண்டும். மெல்லிய வயரைத் தோட்டத்தின் கடைசி வரை இழுத்திருந்தால் அங்கே வோல்ட் இறங்கி, மோட்டர் கூடுதலாகக் கரன்ட் இழுத்துச் சூடாகும். சவூதியில் இருந்து வருபவர்கள் கொண்டு வரும் பம்புகளையும் பார்த்து வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் கூடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரன்ட் வெட்டிய காலத்தில் வேறொரு தொல்லை தெரிந்தது. தடாகத்தை விட உயரத்தில் பூட்டிய பம்புகளில் கரன்ட் போனதும் தண்ணீர் பின்னால் இறங்கிவிடும். கரன்ட் வந்ததும் டைமர் அதை வெறும் பம்பாக ஓட்டும். பின்வாங்காத வால்வு ஒன்று பூட்டினால் பெரும்பாலும் தப்பலாம்.

பெரிய மோட்டர் கேட்பவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழமான தடாகத்தில் 70,000 லீற்றர் நிற்கும். அதை 8 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்ற மணிக்கு 9,000 லீற்றர் போதும். குழாய் வேலை ஒழுங்காக இருந்தால் 1 குதிரை வலு மோட்டர் இதைச் செய்யும். அது மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுத்தால் மாதம் 240 யூனிட். அதே ஒன்றரை அங்குலக் குழாயில் 2 குதிரை வலுவைப் பூட்டினால் பில் ஏறும் அளவுக்குத் தண்ணீர் ஏறாது.

எந்த நேரத்தில் ஓட்டுவது? நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் மீட்டர் உள்ள ஹோட்டல்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தைத் தவிர்ப்பது லாபம். காலை 5.30 முதல் வெயில் ஏறும் வரை ஒரு தடவை, வெயில் இறங்கிய பின் ஒரு தடவை என்று பிரித்து ஓட்டலாம். குளிப்பவர் அதிகமான நாட்களில் பகலிலும் ஓட்டத்தான் வேண்டும்.

பம்புக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்கான எர்த்தும் இல்லாத இடத்தில் நான் மோட்டர் பூட்டிக் கொடுப்பதில்லை. தண்ணீரில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றச் சொல்பவரிடம், எங்கே கசிகிறது என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் மற்றப் பேச்சு. சுவிட்சில் உள்ள சோதனைப் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.