தாத்தாவுக்குப் பூர்வீகம் மெக்சிகோ

மயிலாப்பூர் மாட வீதிகளில் நடைபாதைக் கல் எங்கே வாய் பிளந்திருக்கிறதோ அங்கே தாத்தாப்பூ எட்டிப் பார்க்கும். ஒரு சாண் காம்பு, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு வெளிர் இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். முற்றினால் நரைத்த தலை. காம்பை வளைத்துக் கட்டைவிரலால் சுண்டி, 'தாத்தா' தலையைப் பறக்கவிட்டு விளையாடியவர்கள் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள்.

அந்தத் தாத்தா நம்மூர்க்காரர் இல்லை. பூர்வீகம் மெக்சிகோவும் அதையடுத்த மத்திய அமெரிக்காவும். 1753இல் 'டிரைடாக்ஸ் புரொகம்பென்ஸ்' என்று பெயரிட்ட லின்னேயஸ், மெக்சிகோவின் வெராகுரூஸைத்தான் அதன் ஊராகக் குறித்தார்.

சீமைக் கருவேலம், சீமை அகத்தி என்று வந்தேறிகளுக்குச் 'சீமை' பட்டம் கட்டுவது நம் வழக்கம். இது எப்படியோ தப்பிவிட்டது. மூக்குத்திப்பூ, கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு என்று சொந்தப் பிள்ளைக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்தோம். கையில் கத்தி பட்டால் பாட்டிகள் இந்த இலையைத்தான் கசக்கிப் பிழிந்தார்கள். எலிகளிடம் நடந்த ஆய்வுகளிலும் புண் ஆற உதவுவதாகத் தெரிந்திருக்கிறது. (துருப்பிடித்த ஆணி ஏறினால் பாட்டியை நம்பாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரே செடி 1500 விதைவரை தரும். ஒவ்வொன்றுக்கும் இறகுக் குஞ்சம் உண்டு, தி.நகரில் ஒரு பேருந்து கடந்துபோகும் காற்றே அவற்றுக்குப் போதும். தண்டின் கணுக்களும் மண்ணைத் தொட்டால் வேர் விடும். பூங்காவில் புல் வெட்டும் இயந்திரம் தலையைக் கொய்தால், படர்ந்து கிடக்கும் உடம்பு மறுபடி பூக்கும். அமெரிக்க மத்திய அரசு இதைக் கேடு தரும் களைகளின் பட்டியலில் வைத்திருப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் அடையாற்றை மூடிக் கிடக்கும் வெங்காயத் தாமரையோடு இதை ஒரே கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அது நீரின் மூச்சை அடைக்கிறது. இதுவோ சிமென்ட் விரிசலில், வேறு எதுவும் பூக்காத இடத்தில், சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் வைத்திருக்கிறது. வயலில் களை, நகரத்து நடைபாதையில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும்: கரிசலாங்கண்ணி என்று நினைத்து இதைப் பறித்துப் போகாதீர்கள். கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் சாறு கறுக்கும். தாத்தாப்பூ இலை கறுக்காது.