காசும் காலமும் – 9: கிடந்த இடமும் சேர்ந்ததுதான் காசு

2015-இல் சில மாத இடைவெளியில் இங்கிலாந்தில் இரண்டு புதையல்கள் கிடைத்தன. ஜூனில் ஹெர்ஃபோர்டுஷயரின் லெம்ஸ்டர் அருகே ஒன்று. அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டன் அருகே மற்றொன்று. இரண்டும் வைகிங் படையோடு போர் நடந்த கி.பி. 870-களின் கடைசியில் மண்ணுக்குள் போனவை என்று கணிக்கிறார்கள். இரண்டையும் கண்டவர்கள் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் தேடித் திரியும் ஆர்வலர்கள். இரண்டிலும் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடின் வெள்ளிக் காசுகளும் மெர்சியா மன்னர் இரண்டாம் சியோல்வுல்ஃபின் காசுகளும் கலந்திருந்தன. கையில் கிடைத்த பிறகு நடந்ததில்தான் வேறுபாடு. பழங்காசு ஒன்றின் மதிப்பில் பாதி அது கிடந்த மண்ணில் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டையும்விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வாட்லிங்டனில் கண்டவர் உடனே முறைப்படி தகவல் கொடுத்தார். புதையல் மண்கட்டியோடு சேர்த்தே பெயர்த்தெடுக்கப்பட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் நிதானமாகப் பிரிக்கப்பட்டது. சுமார் 200 காசுகள். அவற்றில் பதின்மூன்று, இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் வகை. பழைய ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த இந்த வகையில் அதுவரை தெரிந்தவை இரண்டே. ஆல்ஃபிரடின் அரசவைச் சார்பில் எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு, சியோல்வுல்ஃபை வைகிங்குகளின் கைப்பாவையான அறிவிலி என்று ஒதுக்கிவிடுகிறது. காசுகளோ இரு மன்னரும் ஒரே வடிவத்தில், சமமானவர்களாக நாணயம் வெளியிட்டதைக் காட்டுகின்றன. இரண்டே காசு இருந்தவரை இதை ஒரு தற்செயல் என்று தள்ளிவிட முடிந்தது. ஒரே புதையலில், வேறு வகைகளோடு சேர்ந்து பதின்மூன்று கிடைத்தபின் அப்படித் தள்ள வழியில்லை. வென்றவர் எழுதிய வரலாற்றைத் திருத்தும் அந்தப் புதையலை 2017-இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

லெம்ஸ்டர் அருகே கிடைத்ததை யாரும் அறிவிக்கவில்லை; காசுகள் ரகசியமாகக் கைமாறின. கண்டவரின் கைபேசியிலிருந்து மீட்கப்பட்ட படங்களை வைத்துச் சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். கைக்கு வந்தவை ஏறக்குறைய முப்பது. 2019-இல் அதை மறைத்த குற்றவாளிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, மற்றக் காசுகள் கிடைக்கவில்லை. மீண்டவற்றிலும் இரு பேரரசர் காசுகள் இருக்கின்றனவே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு புதையல் புதைக்கப்பட்ட காலத்தைச் சொல்வது அதிலுள்ள மிகப் பிந்திய காசு. அந்தக் காசு காணாமல் போன 270-இல் ஒன்றாக இருந்தால், கணித்த காலமே பிசகிவிடும். எந்த மன்னரின் காசு எத்தனை பங்கு, எது எதனோடு கிடந்தது என்ற கேள்விகளுக்கும் இனி முழுமையான விடை வராது.

காசே பேசுமே, இடம் எதற்கு என்பது சேகரிப்பாளர்கள் சிலரின் வாதம். அதில் உண்மை உண்டு. சுமார் 973-இல் எட்கர் மன்னர் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு வெள்ளிப் பென்னியிலும் அரசர் பெயரோடு அடித்த ஊரும் அடித்தவர் பெயரும் உண்டு. ஆனால் அது பிறந்த ஊரைத்தான் சொல்லும், போன வழியைச் சொல்லாது. எட்கரின் மகன் எத்தல்ரெட்டின் காசுகள் ஸ்வீடன் மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்ததால்தான், வைகிங்குகளுக்குக் கொடுத்த கப்பமும் கடல் வாணிகமும் எவ்வளவு வெள்ளியை வெளியே கொண்டுபோயின என்பது புலப்படுகிறது. எட்டாம் நூற்றாண்டுக்குப் போனால் நிலைமை இன்னும் கடினம். அன்றைய ஷியாட்டா எனும் சிறு காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசர் பெயரே இல்லை. எச் வரிசை என்று வகைப்படுத்தப்பட்டவை இன்றைய சவுத்தாம்ப்டனின் முன்னோடியான ஹாம்விக் துறைமுகத்தில் அடிக்கப்பட்டவை என்ற முடிவு, அவை அங்கே செறிந்து கிடைத்ததால் வந்தது.

அப்படியானால் சேகரிப்பே குற்றமா? இல்லை. 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் புதையலுக்குச் சந்தை விலையை வெகுமதியாகத் தரச் சொல்கிறது. வழக்கமாகக் கண்டவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொள்கிறார்கள். வாங்குபவர் இல்லாமல் சந்தை விலை ஏது? தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வராது. அதை விற்பதும் வாங்குவதும் முறையானதே. இடத்தைச் சொன்னால் திருடர்கள் வந்து தோண்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத் துல்லியமான இடத்தை வெளியிடாமல் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் கி.பி. 410 முதல் 1180 வரையிலான ஒற்றைக் காசுகளுக்கு ஒரு பதிவேடே வைத்திருக்கிறது. ஆகவே சேகரிப்பாளரிடம் கேட்பது துறவு அல்ல, ஒரு கேள்வி: இது எங்கே கிடைத்தது, எங்கே பதிவானது? புதிதாகச் சந்தைக்கு வரும் அரிய காசுக்கு இந்தப் பதில் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் ஒரு புதையலை முந்நூறு துண்டாக்குகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுப்பதும் மறுப்பதும் பணம் கொடுப்பவர் கையில் இருக்கிறது.

(தொடரும்)