தலை எண்ணியது போதும், பெயரை எழுதுங்கள்

இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் புதிய குடிவரவுச் சட்டம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை? ஒரு விளக்கம்.

வருடத்தில் சில நாட்கள், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் கரையில் மீன் ஏலத்துக்கு முன்பே காக்கிச்சட்டைகள் வந்து நின்றுவிடும். ‘சாகர் கவச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாட்கள் அவை. ஃபைபர் படகு மணலில் ஏறியதும், வலையை இறக்குவதற்கு முன் அட்டையைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு காலையில், பெரியவர் ஒருவர் லுங்கி மடிப்பிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றிய பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே இன்னொரு கவர். அதற்குள் மீனவர்களுக்கான பயோமெட்ரிக் அட்டை. அத்தனை பத்திரத்தையும் மீறி அதன் ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. “இது இல்லாம போனா, பொறந்த கரையிலேயே என்னை யாருன்னு கேப்பாங்க சார்” என்றார். 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகுதான் நம் கடற்கரை நெடுக இந்த அட்டைகளும் கடலோரக் காவல் நிலையங்களும் பெருகின.

அதே வாரம் எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு நடந்தது. கயிற்றில் தொங்கியபடி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இளைஞர் டீ குடிக்க இறங்கினார். “ஊர் எது தம்பி?” என்று கேட்டேன். “எந்த ஊரைக் கேக்குறீங்கண்ணா? அம்மா ஊர் மன்னார். நான் பொறந்தது கேம்ப்புல” என்றார். புழல் காவாங்கரையில் இருக்கும் அகதிகள் முகாமைச் சொன்னார். முப்பது வயதைக் கடந்தவர். பேச்சு அசல் சென்னைப் பேச்சு. இலங்கையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தலைக்கணக்கு எடுக்கும் நாளில் மட்டும் வேலைக்கு வர மாட்டாராம். ஆள் முகாமில் இருந்தாக வேண்டும்.

பெரியவரின் அட்டை அவரை இந்த நாட்டுக் குடிமகன் என்று காட்டுகிறது. இளைஞருக்கும் ஓர் அட்டை உண்டு; அது அவரை அகதி என்கிறது. இருவரையும் அரசு எண்ணுகிறது. ஒருவரை மட்டுமே சொந்தமென்று எழுதிக்கொள்கிறது. எல்லையைக் காப்பதும், உள்ளே நெடுங்காலமாக வாழ்பவர்களுக்கு நிலையான தகுதி கொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இந்தியா முதல் பாதியை முடித்துவிட்டு இரண்டாவது பாதியை நாற்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போடுகிறது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1920-ம் ஆண்டின் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946-ம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000-ம் ஆண்டின் பயண நிறுவனப் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கும் விலகி, அவற்றின் இடத்தில் இது வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு சிறை.

இந்தச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, முறையாகப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாத குற்றத்துக்கான தண்டனை கிடையாது என்கிறது அந்த ஆணை. மைத்திரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பதவியேற்ற நாள் அது. அதே ஆணையில், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31.

இதைப் பலர் குடியுரிமை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. உன்னைச் சிறையில் போட மாட்டேன் என்பது ஆறுதல்தான். ஆனால் வாக்குரிமை, பாஸ்போர்ட், அரசு வேலை எதுவும் அந்த ஆணையிலிருந்து வராது.

2015 ஜனவரி 9-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் நிலை இன்னும் சிக்கல். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது, மார்ச் மாதம் முதல் குடும்பம் குடும்பமாகப் படகேறினார்கள். படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு திட்டில் காத்திருந்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டு வந்தது. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட அவர்கள் 2015 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

யார் இவர்கள், எத்தனை பேர்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்கு அலைகளாக வந்தவர்கள். உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை வந்தவர்கள் 3,04,269 பேர். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர், காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேர். இரண்டாம் வகையினரை ‘வெளிப்பதிவு’ என்பார்கள். சென்னையில் வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர்ப் பக்கம் வாழும் பல குடும்பங்கள் இந்த வகை.

இவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்காக இங்கிருந்து பிரிட்டிஷார் கொண்டுபோனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-ல் இலங்கை அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1983-க்கு முன் இந்தக் கணக்கில் கப்பலேறி வந்தவர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களுக்காக நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. 1969-ல் ரெப்கோ வங்கி உருவானது. தி.நகர் வடக்கு உஸ்மான் சாலையில் அதன் தலைமை அலுவலகத்தை இன்றும் பார்க்கலாம். போருக்குத் தப்பிப் பின்னால் படகில் வந்த அதே வம்சத்தவர் ‘அகதி’. பூர்வீகம் ஒன்றாக இருந்தும், வந்த ஆண்டும் வழியும் பெயரை மாற்றிவிட்டன.

அக்காவுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம்

1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

ஒரே தாய்க்கு மண்டபம் முகாமில் 1986-ல் பெண்ணும் 1988-ல் பையனும் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அக்கா இந்தியப் பிரஜை. ஒரே பாயில் படுத்து, ஒரே பள்ளியில் படித்து வளர்ந்த தம்பி, அரசின் கணக்கில் சட்டவிரோதக் குடியேறி. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு வழக்குத் தொடுத்தபோது, 2022-ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் தன் முதல் வாக்கைப் போட்டார். அவருக்குப் பின் பிறந்த ஒரு தலைமுறைக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது.

நீண்டகாலம் வாழ்ந்தவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழி சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பதிவு மூலமும், இயல்புரிமை மூலமும் பெறலாம். ஆனால் உரிய ஆவணம் இன்றி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்த 2003-ம் ஆண்டுத் திருத்தம், அவர்களை இந்த இரண்டு வழிகளிலிருந்தும் விலக்கிவிட்டது. குண்டு விழும்போது விசா வாங்கிக்கொண்டு யாரும் படகேறவில்லை. அதனால் நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. இந்தத் தடையை 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆறு மதத்தவருக்கு, மூன்று நாடுகளுக்கு மட்டும் நீக்கியது. 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் போதும். விதிகள் 2024 மார்ச் 11-ல் வெளியாகின. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

தேதி போட்டுத் தீர்த்தவர்கள்

எல்லைக் காவலையும் நிலையான தகுதியையும் ஒரே சட்டத்தில் கட்டிய முன்னுதாரணம் இந்தியாவிலேயே உண்டு. 1985 ஆகஸ்ட் 15-ல் கையெழுத்தான அசாம் உடன்பாட்டை ஒட்டிக் குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்ந்தது. 1966-க்கு முன் வந்தவர் குடிமக்கள். அதன் பிறகு 1971 மார்ச் 25-க்கு முன் வந்தவர் பதிவு செய்து 10 ஆண்டு காத்திருந்து முழு உரிமை பெறலாம். அதற்குப் பின் வந்தவர் வெளியேற வேண்டும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4:1 என்ற பெரும்பான்மையில் இந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆனால் யார் எந்தத் தேதியில் வந்தார் என்பதற்குச் சான்று தேடியதில்தான் அசாம் தவித்தது. 2019-ல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேருக்கு மேல் விடுபட்டார்கள்.

அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் இயற்றியது. 1982-க்கு முன் வந்து தங்கியவர்களும் விவசாயத் தொழிலாளர்களுமாகச் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படியான தகுதி பெற்றார்கள். கூடவே, ஆவணமற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றது சட்டம். தகுதி கொடுத்தது நடந்தது. முதலாளிகளைக் கண்காணிப்பது பெயரளவில் நின்றது. ஆவணமற்றோர் தொகை பின்னர் ஒரு கோடியைத் தாண்டியது. 2013-ல் இரண்டையும் மீண்டும் சேர்த்துக் கட்டிய மசோதா செனட்டில் 68–32 என நிறைவேறியும், கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஒரு பாதியை மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாடு சாட்சி.

இலங்கையையும் பார்க்க வேண்டும். 1948-ல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே நாடு, 2003-ல் சட்டம் இயற்றி, எஞ்சியிருந்தவர்கள் உறுதிமொழி எழுதிக்கொடுத்தே குடியுரிமை பெற வழி செய்தது. மனமிருந்தால் அரசாங்கத்தால் இதை விரைவாகவே முடிக்க முடியும்.

பாதுகாப்பு என்ற கேள்வி

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களும் சந்தேக வளையத்துக்குள் வந்தன. கியூ பிரிவு போலீஸாரின் கண்காணிப்பு, தலைக்கணக்கு, நடமாட்டக் கட்டுப்பாடு எல்லாம் இறுகின. இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை என்பதால், அகதி என்ற சட்டத் தகுதியும் இவர்களுக்கு இல்லை. சட்டத்தின் கண்ணில் வெறும் வெளிநாட்டினர். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்கும் இருந்து வருவோரை ஏற்க இந்தியா தர்ம சத்திரமல்ல என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

பாதுகாப்புக் கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. சீனிவாசபுரத்துப் பெரியவர் அட்டையோடு நிற்பது அந்தக் கவலைக்காகத்தான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட மக்கள் இவர்கள். கரையேறிய நாள், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, பணக்கொடை யார் வாங்கினார்கள், யார் வெளியூர் போனார்கள் என்பதெல்லாம் அரசின் பதிவேட்டில் இருக்கிறது. அசாமில் ஏழைகள் பழைய காகிதத்தைத் தேடி அலைந்தார்கள். இங்கே அரசே நாற்பது ஆண்டாகச் சான்றை எழுதிவைத்திருக்கிறது. சந்தேகத்தால் தொடங்கிய பதிவேடுதான் இவர்கள் இங்கு வாழ்ந்ததற்கான மிக உறுதியான அத்தாட்சி.

மாநில அரசு தன் வரம்புக்குள் சில வேலைகளைச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 புதிய வீடுகள் அதில் அடக்கம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. வீடு கட்டித் தரலாம். அந்த வீட்டுக்காரரை வாக்காளராக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை.

இனி என்ன செய்யலாம்?

முதலில், விலக்கு ஆணைக்காக மத்திய அரசே தேர்ந்தெடுத்த 2015 ஜனவரி 9-ஐக் குடியுரிமைக்கும் கடைசித் தேதியாக வைக்கலாம். புதிதாக ஒரு தேதியைத் தேட வேண்டியதில்லை. அதற்குள் பதிவானவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்கினால், பதிவு மூலமும் இயல்புரிமை மூலமும் விண்ணப்பிக்கும் வழிகள் தாமாகத் திறக்கும். குற்ற வழக்கு உள்ளவர்களைத் தனித்தனியாக ஆராயட்டும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைகளை முதலில் எடுக்க வேண்டும். அவர்கள் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. பிறகு, திரும்பிப் போக விரும்புவோர். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் காணியும் உறவும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் ஏறவும் பாஸ்போர்ட் வேண்டும். பயண ஆவணத்தையும் பிள்ளைகளின் இலங்கைப் பிறப்புப் பதிவையும் இரு அரசுகளும் விரைந்து கொடுத்தால், போவதும் இருப்பதும் அவரவர் விருப்பமாகும். 2022-ல் வந்தவர்களைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளிலிருந்து காத்து, அவர்கள் கதையைக் கேட்டு முடிவெடுக்க ஒரு முறையும் வேண்டும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து சாந்தோம் வழியாகக் காமராஜர் சாலையில் நேரே போனால் சேப்பாக்கம் எழிலகம். மறுவாழ்வுத் துறை அங்கேதான் இயங்குகிறது. எங்கள் தெருவில் பெயிண்ட் அடித்த தம்பியின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், முகாம், குடும்ப அட்டை எண் எல்லாம் அந்தத் துறையின் கணக்கில் இருக்கும். அடுத்த தலைக்கணக்குக்கு அவர் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்பார். இத்தனை ஆண்டும் அரசு எண்ணியபோதெல்லாம் வரிசையில் நின்றவரின் பெயரை இனிக் குடிமக்கள் பட்டியலில் எழுதுவதுதான் நியாயம்.