உங்களுக்குத் தெரியுமா? வாயில் நுழையாத ஊர், பத்திரிகையின் பெயரானது!

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் தப்பான உச்சரிப்பு ஒன்று, பத்திரிகைக்கே பெயராகிவிட்டது. பெல்ஜியத்தின் 'ஈப்ர்' நகரம் அவர்கள் வாயில் 'வைப்பர்ஸ்' ஆனது. குண்டுவீச்சில் இடிந்த அந்நகரில் கிடைத்த அச்சு இயந்திரத்தைக் கொண்டு, 1916 பிப்ரவரியில் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்ற நகைச்சுவை ஏட்டைக் கொண்டுவந்தார்கள். சாவுக்கு நடுவே பிறந்த சிரிப்பு அது!

• அருகிலிருந்த 'ப்ளூக்ஸ்டேர்ட்' கிராமம் 'பிளக் ஸ்ட்ரீட்' ஆயிற்று. 1916இல் சர்ச்சில் படையோடு இருந்தது இங்கேதான்.

• பிரான்ஸின் 'எதாப்ல்' ராணுவ முகாம்? 'ஈட் ஆப்பிள்ஸ்'!

• 'பரவாயில்லை' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் 'ஸ ந ஃபே ரியாங்', 'சான் ஃபேரி ஆன்' ஆனது. யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் போல.

• தாய்நாட்டை அவர்கள் ஏக்கத்தோடு அழைத்த 'பிளைட்டி', இந்தியாவிலிருந்து போன சொல். 'விலாயத்தி' என்பதன் திரிபு. நம்மூர்ச் 'சீமை'க்கு ஈடானது.