மோவாய்க்கட்டையில் கட்டிய படகு

எழும்பூரில் இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் கடலூரை நெருங்கும்போது பெட்டி முழுக்க உறங்கியிருக்கும். ஏதோ ஒரு நடுப்படுக்கையிலிருந்து குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று அது நிற்கும். எதிர்ப்படுக்கைக்காரர் ‘அப்பாடா’ என்று போர்வையை இழுத்துக்கொள்வார். பத்து நொடி, இருபது நொடி, முப்பது நொடி. பிறகு தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்போல ஒரு திணறல், மறுபடியும் குறட்டை. சிதம்பரம் வருவதற்குள் இது பலமுறை நடந்துவிடும். காலையில் அவரைக் கேட்டால் அடித்துப்போட்டதுபோலத் தூங்கியதாகச் சொல்வார். ஆனால் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும், பகல் முழுக்க கொட்டாவி வரும்.

வீட்டில் சண்டை குறட்டையால் வருகிறது. மருத்துவருக்குக் கவலை தருவதோ நடுவில் வரும் அமைதி. தூக்கத்தில் மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ நின்றுபோவதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிறார்கள். தமிழில் உறக்க மூச்சுத்தடை. மூளை மூச்சுக்கான கட்டளையை அனுப்ப மறந்துபோகும் வகையும் உண்டு; அது குறைவு. பெரும்பாலோருக்கு நடப்பது வேறு: நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முயன்றுகொண்டே இருக்கும், தொண்டைதான் வழிவிடாது.

மூக்கின் மேற்பகுதிக்கு எலும்புக் கூரை இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள தொண்டைப் பகுதிக்கு மட்டும் அப்படி எந்தத் தாங்கலும் இல்லை, வெறும் தசைச்சுவர். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கினால் தளர்கின்றன. கனவு வரும் தூக்கத்தில் இன்னும் தளர்கின்றன. இளநீரில் போட்ட காகித ஸ்ட்ரா ஊறிய பிறகு வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதேதான். வழி குறுகும்போது சுவர் அதிர்வது குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் அமைதி.

எல்லோருக்கும் தசை தளர்கிறது, சிலருக்கு மட்டும் ஏன் அடைக்கிறது? விடை பாதி கழுத்துக் கொழுப்பில் இருக்கிறது, மீதி தாடையில்.

நாக்கு வாய்க்குள் சும்மா கிடக்கும் சதை அல்ல. அதன் பெரிய தசை, மோவாய்க்கட்டையின் உட்புறத்தில், கீழ்முன்பற்களின் வேருக்குக் கீழே உள்ள சிறு எலும்பு முளைகளில் கட்டப்பட்டிருக்கிறது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக் கரையோரம் முளையில் கட்டிய படகை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் படகைப் பின்னுக்குத் தள்ளும், கயிறு பிடித்து நிறுத்தும். பின்னால் ஒரு பாலத்தூண் இருக்கிறது என்றால், முளையை எங்கே அடித்தார்கள் என்பதைப் பொறுத்தே படகு தூணில் முட்டும் அல்லது முட்டாது. மல்லாந்து படுத்தவருக்குப் புவியீர்ப்புதான் நீரோட்டம், தொண்டையின் பின்சுவர் பாலத்தூண், மோவாய் எலும்பு முளை. கீழ்த்தாடை சிறிதாகவோ உள்வாங்கியோ இருந்தால் முளை பின்னால் அடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு இது தெரியும். நினைவிழந்து கிடப்பவருக்கு மூச்சு அடைத்தால், தாடையின் இரு கோணங்களிலும் விரல் கொடுத்து அதை முன்னுக்குத் தூக்குவார்கள். தாடையோடு நாக்கும் முன்வரும், வழி திறக்கும். விலங்குகளிலும் உதாரணம் உண்டு. பழைய ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய ‘பக்’ நாயை மறந்திருக்க மாட்டீர்கள். மனிதன் அழகுக்காக முகத்தைச் சப்பையாக்கி வளர்த்த இனம் அது. எலும்பு சுருங்கியது, உள்ளே இருந்த சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. அதனால்தான் அவ்வகை நாய்கள் தூங்கும்போது அப்படிக் குறட்டை விடுகின்றன.

குண்டானவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்ற நம்பிக்கை, ஆகவே, பாதி உண்மைதான். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள் கவனமாக இருக்கவேண்டும் என்பது சரி. ஆனால் மோவாய் உள்வாங்கிய ஒல்லியான ஒருவர், ‘எனக்கெல்லாம் வராது’ என்று ஆண்டுக்கணக்கில் இதைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

மூச்சு நிற்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை அலறியடித்து உடலை ஒரு கணம் எழுப்புகிறது. நமக்கு அது நினைவில் தங்குவதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது பெரிதும் குறைகிறது என்பதே நோயின் அளவுகோல். பெரியவர்களுக்கு 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமையானது. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இரவெல்லாம் இப்படி அதிர்ச்சி வாங்கும் உடலில் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் போகும். இதயத் துடிப்பு தடுமாறும், பக்கவாத ஆபத்து கூடும். ஸ்டியரிங் பிடித்தபடி கண்ணயரும் ஆபத்து தனி. இந்த நோயைக் கண்டுபிடிக்க ஓர் இரவு உடம்பில் உணரிகளைப் பொருத்தித் தூங்கவைத்துச் சோதிக்கிறார்கள். அதற்குமுன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யலாம்: குறட்டை விடுபவர் தூங்குவதைச் செல்போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து மாத்திரையால் மட்டும் தீர்கிற சங்கதி அல்ல இது. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் கடுமையான நோயோடு ஒருவர் வந்தார். அன்று இதற்குத் தெரிந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைப்பதுதான். சல்லிவன் வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனரின் மோட்டாரை வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் காற்றை மூக்குக்குள் மெல்ல ஊதும்படி ஒரு கருவி அமைத்தார். அந்தக் காற்றழுத்தமே தொண்டைச் சுவரைத் தாங்கி நிறுத்தியது. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன. இன்று ‘சிபாப்’ என்று அழைக்கப்படும் கருவி அதன் வாரிசு. கடுமையான நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சை அதுதான்.

முகமூடியோடு தூங்க முடியாதவர்களுக்கும், லேசான அல்லது நடுத்தர நோய் உள்ளவர்களுக்கும் பல் மருத்துவர் ஒரு வழி வைத்திருக்கிறார். மேல், கீழ் பல் வரிசைகளுக்கு அச்சு எடுத்து, கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்தள்ளி நிற்கும்படி ஒரு சாதனம் செய்து தருவார். இரவில் மாட்டிக்கொண்டால் போதும். ஆம்புலன்ஸ் ஊழியரின் விரல்கள் செய்ததை அது விடியும்வரை செய்கிறது. இதற்கும் விலை உண்டு. காலையில் காதோரத்தில் தாடை மூட்டு வலிக்கலாம். ஆண்டுகள் போகப் போகப் பற்கள் சற்று நகர்ந்து கடிக்கும் முறை மாறலாம். மூட்டில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கும் பற்கள் ஆடுபவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். கடையில் வாங்கி மாட்டுகிற பொருள் அல்ல அது. எலும்பு அமைப்பே காரணம் என்று உறுதியானால், இரண்டு தாடைகளையும் வெட்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்திப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. முளையைப் பிடுங்கி முன்னால் அடிப்பது.

முளை முதலில் அடிக்கப்படுவது குழந்தைப் பருவத்தில். சிலருக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை மிகச் சிறியது. நாக்கு பின்னுக்கு விழுந்து மூச்சை அடைக்கும் இந்தச் சிசுக்களைப் பற்றி 1923இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபின் பெயரால் அந்த நிலை அறியப்படுகிறது. இன்னும் சில குழந்தைகளுக்கு மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கி, வாயால் மூச்சுவிடும் பழக்கம் வருகிறது. வாய் எந்நேரமும் திறந்திருந்தால் நாக்கு அண்ணத்தைத் தொடுவதில்லை. அண்ணம் குறுகி உயர்கிறது, முகம் நீள்கிறது, மேல்பற்கள் முன்தூக்குகின்றன. இங்கே மூச்சுக்கோளாறு தாடையின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய தாடை பிறகு மூச்சைக் கெடுக்கிறது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைவிட, ஓரிடத்தில் உட்காராமல் படுத்தி எடுக்கும் பிள்ளைக்கே இந்தத் தொல்லை இருக்கலாம். தூக்கம் கெட்ட குழந்தை பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

மூன்றாவது காரணம் நம் ஊர்களில் கண்ணெதிரே நடப்பது: மாடிப்படியிலோ திண்ணையிலோ தடுக்கி, மோவாய் தரையில் அடிபட விழும் குழந்தை. மோவாயில் ரத்தம் வரும், தையல் போடுவார்கள், ஆறிவிடும். ஆனால் அடியின் விசை எலும்பு வழியே ஏறிக் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் போய் இறங்கியிருக்கும். உங்கள் காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் உருள்கிறதே, அந்த முண்டுதான். அது நொறுங்கி உள்ளே ரத்தம் கட்டினால், மாதக்கணக்கில் மெல்ல எலும்பாகி மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாய் திறக்காது. தாடை வளர்வதற்கு முக்கியமான குருத்தெலும்பும் அந்த முண்டில்தான் இருக்கிறது என்பதால் வளர்ச்சியும் தடைபடும். மேல்முகம் வளரும், மோவாய் பின்தங்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் அந்தக் குழந்தை இரவில் உட்கார்ந்தபடி தூங்கும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

இப்படி மூட்டு ஒட்டிப்போன குழந்தைகளுக்கு, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் மூட்டை விடுவிக்கும் முன்பே தாடையை நீட்டிவிடும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் இலிசரோவ் என்ற மருத்துவர் கால் எலும்பை நீட்டக் கண்ட வழிதான். எலும்பை வெட்டி, திருகுள்ள கருவியைப் பொருத்தி, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் பிரித்தால் இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. 1992இல் நியூயார்க்கின் மெக்கார்த்தி என்ற மருத்துவர் குழந்தைகளின் கீழ்த்தாடையில் இதைச் செய்து வெளியிட்டார்.

கடலூர் மாவட்டத்துக்கு ஒரு வசதி. இந்த நோய்க்கு வேண்டிய இரண்டு பக்கத்து மருத்துவமும் சிதம்பரத்தில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 1980இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் 1985இல் வந்த மருத்துவக் கல்லூரியும் அண்ணாமலை நகரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இப்போது இரண்டும் அரசின் சுகாதாரத் துறை வசம். குறட்டைக்குப் பல் மருத்துவரைப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எத்துப்பல்லுக்குக் கிளிப் போட வந்த பிள்ளையிடம் ‘ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டா தூங்குற?’ என்று அவர் கேட்டால், பல்லுக்கு வந்த இடத்தில் தூக்கத்தை விசாரிக்கிறாரே என்று நினைக்காமல் பதில் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மோவாய் அடிபட விழுந்தால், தையலோடு விட்டுவிடாதீர்கள். புண் ஆறிய பிறகு அதன் மூன்று விரல்களை அடுக்கி அதன் வாய்க்குள் வைக்கச் சொல்லிப் பாருங்கள். போகவில்லை என்றாலோ, வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். இருபது வருடம் கழித்து வரக்கூடிய குறட்டைக்கு அன்றுதான் வைத்தியம்.