கழுத்து வலிச்சா நெட்டி முறிக்கலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட வந்த அக்கா, பேனாவைப் பிடிக்க முடியாமல் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். "ஆறு மாசமா கழுத்து வலி. ஒருத்தர் நெட்டி முறிச்சு விட்டார். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு. இப்ப விரலெல்லாம் மரத்துப் போகுது" என்றார்.

வலி கழுத்தில், மரத்துப் போவது விரலில். இது எப்படி? கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா புரியும்.

ஏழு எலும்பு

நம் பின்கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவ்வளவு நீளக் கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்! "ஆமாம்" என்று தலையாட்டுகிறோமே, அந்த அசைவு அதிகமாக நடப்பது மண்டை ஓட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையில். "இல்லை" என்று திருப்பும்போது முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் அதிகம் சுழல்கிறது. இரண்டாவது எலும்பில் இருந்து கீழே, எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு உண்டு. 'டிஸ்க்' என்று டாக்டர் சொல்வது இதைத்தான்.

எலும்புகளின் நடுவே மூளையில் இருந்து வரும் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து பக்கத்துக்கு எட்டு நரம்புகள் பிரிகின்றன. மேலே உள்ள சில நரம்புகள் மூச்சு விடும் தசையை இயக்குகின்றன. கீழே உள்ளவை தோள், கை, விரல் வரை போகின்றன. ஜவ்வு பிதுங்கியோ எலும்பு தேய்ந்தோ ஒரு நரம்பை அழுத்தினால், அந்த நரம்பு போய்ச் சேருகிற விரல் மரத்துப் போகும். அக்காவுக்கு நடந்தது இதுதான்.

குனியக் குனிய பாரம்

நம் தலை சுமார் 5 கிலோ. நேராக இருந்தால் கழுத்துக்கு அது பெரிய பாரம் இல்லை. குனிந்தால் கணக்கே மாறிவிடும். அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதைக் கணக்கிட்டார். 30 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் சுமார் 18 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. ஒரு அரிசி மூட்டை கனம்! தையல், பீடி, பூக்கட்டுதல், செல்போன் எல்லாமே குனிந்து செய்வதுதானே?

நெட்டி ஏன் கூடாது?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, மேல் ஆறு கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. படக்கென்று திருகும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இது அபூர்வம்தான். ஆனால் வந்தால் திரும்ப முடியாத நஷ்டம். பிதுங்கிய ஜவ்வும் இன்னும் பிதுங்கலாம்.

நாம செய்ய வேண்டியது

* அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, தோளைப் பின்னால் இழுத்து, கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.
* மெஷினை ஒட்டி உட்காருங்கள். பூ, பீடி முறத்தை மடியில் தலையணை போட்டு உயர்த்தி வையுங்கள்.
* தூங்க இரண்டு தலையணை வேண்டாம். மெல்லியதாக ஒன்று போதும்.
* கழுத்துப் பட்டையை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போடாதீர்கள். தசை பலவீனமாகும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* கையில் பிடி தளர்ந்தால், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனால்
* நடக்கும்போது கால் தடுமாறினால், சிறுநீர் அடக்க முடியாவிட்டால்
* கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால்
* கழுத்து, இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை இருந்தால். இது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

யாராவது உயரத்தில் இருந்து விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்காவை மறுநாளே இரண்டு உறுப்பினர்கள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். மருந்து, உடற்பயிற்சி, உயரமான ஸ்டூல். ஆபரேஷன் தேவைப்படவில்லை. மூணு மாசம் கழிச்சு தீர்மான நோட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், "யாருக்காவது விரல் மரத்துப் போகுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்லாமல் பொறுத்துக்கொள்கிற சகோதரி நம் குழுவிலும் இருப்பார்.